மூணு மாசப் பட்டாளம்

அன்புள்ள சேகரா,

நலம், நலமறிய அவா. அது முடிந்தது. ஒரு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடு, மிச்சத்தை நிம்மதியாகப் படிக்கலாம். முழங்கால் அப்படியே இருக்கிறது. சர்க்கரையைப் பற்றிக் கேட்காதே. பேத்திக்கு என் தமிழும் எனக்கு அவள் இங்கிலீஷும் பாதிதான் புரிகிறது, சண்டை மட்டும் முழுசாக நடக்கிறது. பட்டாபி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாயா? அங்கேயும் மைக்கைப் பிடித்துக்கொண்டானா?

பெண் வீடு பென்சில்வேனியாவில், நாரிஸ்டவுன் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். (உடனே ஆரம்பிக்காதே, சுற்றிப் பார்க்கத்தான்.) அங்கே ஜான் ஹார்ட்ரான்ஃப்ட் என்பவரின் சமாதி. பின்னாளில் இந்த மாகாணத்துக்குக் கவர்னராக இருந்தவர். அவர் கதை தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டதும், வடக்குப் பக்கத்து ஜனாதிபதி லிங்கன் 75,000 பேரைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார். மூன்றே மாதத்துக்கு. 1795-ஆம் வருஷத்துச் சட்டப்படி மாகாணப் படை ஆட்களை அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு சண்டையோடு எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் ஜனங்களுக்கும் நினைப்பு. ஹார்ட்ரான்ஃப்ட் 4ஆவது பென்சில்வேனியா காலாட்படைக்குக் கர்னல். ஏப்ரல் 20 பெயர் பதிந்தார்கள். ஜூலை 20 கெடு. வர்ஜீனியாவில் புல் ரன் ஓடைக்கரையில் சண்டை நடந்தது ஜூலை 21.

ஒரே ஒரு நாள், சேகரா!

கொஞ்ச நாள் கூட இருங்கள் என்று வடக்குப் படையின் தளபதி மெக்டவல் எழுதிக் கேட்டார். இவர்களைப் போலவே கெடு முடிந்த நியூயார்க் பீரங்கிக்காரர்களிடம் போர் மந்திரியே நேரில், ஐந்து நாளாவது இருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். ஊஹும். காலையில் மற்ற படை முன்னே போக, இவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னே நடந்தார்கள். எதிரியின் பீரங்கிச் சத்தம் கேட்கக் கேட்கப் போனார்கள் என்று மெக்டவல் தன் அறிக்கையில் எழுதிவைத்துவிட்டார். மனுஷன் அவசரமாகப் படையைக் கிளப்பியதற்கே பாதிக் காரணம் இந்தக் கெடுதான். பழக்கி எடுக்கலாம் என்று காத்திருந்தால் மூணு மாசக்காரர்கள் கலைந்துவிடுவார்கள். சண்டையில் வடக்கு தோற்று ஓடியது. மறுநாளே லிங்கன் 5 லட்சம் பேரை மூன்று வருஷம் வரைக்கும் சேர்க்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

கர்னல் போகவில்லை. பட்டாளம் இல்லாத கர்னல்! வேறொரு பிரிவில் உதவி அதிகாரியாக நின்று, சிதறி ஓடினவர்களைத் திரட்டினார். வால்டர் குக் என்ற கேப்டனும் நின்றார். கர்னலுக்கு மெடல் ஆஃப் ஹானர் (அமெரிக்கப் பட்டாளத்தின் மிகப் பெரிய வீர விருது) கொடுத்தது 1886-இல், 25 வருஷம் கழித்து.

போனவர்களைக் கோழைகள் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் அன்று படுத்தேன். அப்புறம் பார்த்தால், அவர்களில் பலர் வீட்டுக்குப் போய், அதே கர்னலுக்குக் கீழே 51ஆவது பென்சில்வேனியாவில் மூன்று வருஷத்துக்குத் திரும்பச் சேர்ந்திருக்கிறார்கள். 1862 செப்டம்பர் 17, மேரிலாந்தில் ஆண்டிட்டம் ஓடைச் சண்டை. குறுகலான ஒரு கல்பாலம். எதிர்க்கரை மேட்டில் தெற்குப் படையின் ஜார்ஜியாக்காரர்கள் உட்கார்ந்து குறிபார்த்துச் சுடுகிறார்கள். காலையிலிருந்து பாலத்துக்குப் போனவர்கள் எல்லாம் அடிவாங்கித் திரும்பினார்கள். பிரிகேடுத் தலைவர் ஃபெரேரோ (முன்னே நியூயார்க்கில் நடனம் சொல்லிக்கொடுத்தவராம், பட்டாபியிடம் சொல்லிவிடாதே) இவர்களையும் 51ஆவது நியூயார்க்கையும் அனுப்பினார். அதற்கு முன்னால் இவர்களுக்கு விஸ்கிப் படியை நிறுத்தி வைத்திருந்தவர் அவர்தான். பாலத்தைப் பிடித்தால் விஸ்கி உண்டா என்று வரிசையிலிருந்து ஒருவன் கேட்டானாம். உண்டு என்றார். பிடித்துவிட்டார்கள்.

அதே ஆட்கள்தான். போன வருஷம் ஒரு நாள் கூட நிற்காதவர்கள்.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். 1984. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. எனக்குப் பத்து நாள் லீவு, பத்தாம் நாள் மத்தியானம் பையை எடுத்துவிட்டேன். "லீவு முடிஞ்சுபோச்சுடா, வேற வழியில்லை" என்றேன். நீ "சரிடா" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாய். கையில் இரண்டு ஆரஞ்சு கொடுத்தாய். அப்பாவுக்கு வாங்கினதிலிருந்து எடுத்திருப்பாய். வழியில்தான் தபாலாபீஸ் இருந்தது. ஒரு தந்தி கொடுத்திருந்தால் இரண்டு நாள் நீட்டியிருக்கலாம். அதைத் தாண்டித்தான் நடந்தோம், போர்டைக்கூடப் படித்தேன். ராத்திரி அப்பா போனபோது நான் விழுப்புரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ சொல்லிக் காட்டியதில்லை. மெக்டவல் மாதிரி ஒரு வரி எழுதியிருந்தால் எனக்குத் தேவலை.

மார்ச் 12 சென்னை வருகிறேன், அங்கிருந்து நேரே உன் வீடு. உனக்கு பிளேடு வாங்கியாயிற்று. பாதாமா பிஸ்தாவா என்று தங்கச்சியைக் கேட்டு எழுது. எத்தனை நாள் இருப்பான் என்று அவள் கேட்டால் தெரியாது என்று சொல்.

உன்,
ரங்கன்