கதவில் ஒட்டிய தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் ஊரடங்கு வந்து ஐந்தாண்டுகள் கடந்ததை ஒட்டித் தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவரும் கொரோனா கால நினைவுகளை ஒன்றுவிடாமல் படித்துவருகிறேன். மாடியில் தோட்டம் போட்டவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து தாயம் ஆடியவர், வெளிநாட்டில் மகன் மாட்டிக்கொண்டதால் உறக்கமின்றித் தவித்தவர் என எழுதிய எவரையும் குறை சொல்ல நான் வரவில்லை; அவரவர் பட்டது அவரவருக்கு. ஆனால் அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து தெருவைப் பார்த்தவர்கள் எழுதியவை. நான் சேலத்தில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நெருங்கிய ஒரு பகுதியின் நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருந்து 2022-இல் ஓய்வுபெற்றவள். எங்கள் கடையின் 900-க்கு மேற்பட்ட அட்டைதாரர்களையும் அந்த இரண்டாண்டுகளில் ஒரு முறையாவது முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்தே அடையாளம் கண்டிருக்கிறேன். அவர்கள் என்னிடம் நோயைப் பற்றிப் பேசியது குறைவு. அக்கம்பக்கத்தார் முன்னால் தலைகுனிய நேர்ந்துவிடுமோ என்ற கூச்சத்தைப் பற்றித்தான் நேராகவும் சுற்றிவளைத்தும் பேசினார்கள். இதுவரை வந்த கடிதங்களில் அதைக் காணவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2020 மார்ச் 24-ஆம் தேதி மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவும், மறுநாள் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கும் வந்தபோது, “வீட்டிலேயே இருங்கள்” என்ற அறிவிப்பு ஆட்டோவில் தெருத்தெருவாகப் போனது. எங்கள் பகுதியில் வீடு வேறு, பட்டறை வேறு அல்ல. முன்னறையில் கேஸ் சிலிண்டரும் ஊதுகுழலும், பின்னறையில் அடுப்பும் பாயும் என்று வாழ்கிறவர்களுக்கு வீட்டில் இருப்பது புதிதல்ல, வேலையில்லாமல் வீட்டில் இருப்பதுதான் புதிது. சரக்குப் போக்குவரத்து நின்றதும் வடநாட்டு ஆர்டர்கள் நின்றன. கல்யாணங்களுக்கு ஆள் கணக்குப் பார்த்த காலத்தில் உள்ளூரிலும் கொலுசு வாங்க ஆளில்லை. அந்த மார்ச்சில் கிலோ 40,000 ரூபாய் அளவில் இருந்த வெள்ளி, ஆகஸ்டில் 70,000-ஐத் தாண்டியது. இதைச் செய்தித்தாளில் பார்த்த என் உறவினர் ஒருவர், “உங்க ஏரியாக்காரங்களுக்கு இப்ப யோகந்தான்” என்றார். பட்டறைக்காரர் கையில் இருப்பது வியாபாரி கொடுத்த வெள்ளி; அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி மட்டுமே என்பதை அந்த உறவினருக்கு விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தர அரசு உத்தரவிட்டது. டோக்கன் கொடுத்து, சுண்ணாம்பில் வட்டம் போட்டு வரிசையில் நிறுத்தினோம். அந்த மாதம் 26 முதல் 28 வரை சேலம் மாநகரில் மளிகைக் கடையும் திறக்காத முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள் அல்லவா, அதற்கு முந்தைய நாள் மாலை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தபோது ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். நான்கு ஆள் வைத்துப் பட்டறை நடத்தியவர்; அரிசி கிடைக்காத சர்க்கரை அட்டைதாரர். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் ரேஷன் அரிசி மூட்டையைப் பார்த்துவிடக் கூடாது என்று சில ஆண்டுகளுக்கு முன் அவரே எழுதிக் கொடுத்து அட்டையை மாற்றிக்கொண்டவர். “அக்கா, இத இன்னைக்கு அரிசி கார்டா மாத்தித் தர முடியுங்களா?” என்று கேட்டார். அது என் கையில் இல்லை. அம்மா உணவகம் திறந்திருக்கும், அங்கே போய்ப் பாருங்கள் என்றேன். “அங்க நின்னா நாலு பேரு பாப்பாங்க” என்று சொல்லிவிட்டு, அரைக் கிலோ சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நான் பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கவும் மாட்டார்.

அக்டோபரில் கைரேகை முறை வந்தது. ஒருவர் தொட்டதை ஒருவர் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே கண்ணாடித் துண்டின்மேல் ஊரே விரல் வைத்தது. கிருமிநாசினி தடவிய ஈர விரலை இயந்திரம் ஏற்காது; துடைத்துவிட்டு வைத்தாலும் கொலுசு வேலை செய்கிறவர்களின் விரலை அது எளிதில் ஏற்காது. ஆண்டுக்கணக்கில் கம்பி இழுத்தும் மெருகு போட்டும் தேய்ந்த விரல்கள் அவை. ஒரு பெரியவர் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, “நான் நாந்தான்னு யாராச்சும் சொல்லுங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து பேரனை அனுப்பினார்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது ஒரு கதவு. 2020 ஆகஸ்டில் எங்கள் தெருவில் ஒருவருக்கு நோய் உறுதியானது. அவரை அழைத்துப் போன அன்று மாலையே வீட்டின் முன்னால் தகரம் அடித்து, கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று அச்சடித்த தாளையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்தவர்கள் அவருடைய மனைவியும் இரு பிள்ளைகளும். பால்காரர் மறுநாளே தெருமுனையோடு திரும்பினார். மகளிர் குழுக் கடன் வசூலிக்கும் நிறுவனத்தின் ஆள் மட்டும் தகரத்துக்கு வெளியே நின்று, தெருவே கேட்கும்படி தவணையைக் கேட்டார். ஆகஸ்ட் 31 வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருந்தது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்த அந்த ஆள் சொல்லவில்லை. கணவர் குணமாகி வந்து பல நாள் ஆன பிறகும் தாள் கதவிலேயே இருந்தது. எடுத்தால் வழக்கு வருமோ என்ற பயம். கடைசியில் ஓர் இரவு ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தார். பசை பிடித்த இடத்தில் சாயம் உரிந்து, பலகை நிறத்தில் ஒரு சதுரம் கதவில் நின்றுவிட்டது. வாடகைக்கு இருந்தவர்கள் அடுத்த தையில் வீடு மாறிவிட்டார்கள். சதுரம் இன்றும் இருக்கிறது.

நான் மட்டும் என்ன செய்தேன்? தகரத்தைப் பிரித்தபின் அந்தப் பெண் கடைக்கு வந்த முதல் நாள், “பைய அங்கயே வெச்சிட்டுத் தள்ளி நில்லு கண்ணு” என்று சொன்னவள் நான்தான். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்குச் சர்க்கரை நோய், வீட்டில் வயதான மாமியார் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் மற்றவர்கள் எவரிடமும் நான் அப்படிச் சொல்லவில்லை.

நோயாளிகளின் வீட்டு வாசலில், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டாலன்றி, இத்தகைய அறிவிப்பை ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9-ஆம் தேதி கூறியது. நல்ல தீர்ப்பு, ஆனால் அதற்குள் எங்கள் தெரு பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லாதே என்பதே அந்தப் பாடம். வாசலில் காய்ச்சல் முகாம் போட்டாலும் வெறும் உடம்பு வலி என்பார்கள். 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சேலம் இரும்பாலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் அமைத்தார்கள். பிழைத்து வந்தவர்கள் இன்றும் அதை நன்றியோடு சொல்கிறார்கள். ஆயினும் “இரும்பாலைக்குப் போயிருக்காங்க” என்பது அப்போது எங்கள் பகுதியில் குரலைத் தாழ்த்திச் சொல்லும் வார்த்தையாகிவிட்டது. அங்கே போக மறுத்து, பரிசோதனையும் செய்துகொள்ளாமல், கஷாயமும் மாத்திரையுமாக வீட்டிலேயே கிடந்து அந்த மாதம் இறந்தவர், எங்கள் அடுத்த தெருவில் பற்றவைப்பு வேலை செய்தவர். வயது 50 ஆகவில்லை. கொரோனா என்ற சொல் எந்தச் சீட்டிலும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதனால் முறைப்படி தூக்கிப் போட முடிந்ததில் குடும்பத்துக்கு அன்று ஓர் ஆறுதல். சில மாதம் கழித்து, கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. பரிசோதனையிலோ மருத்துவமனையில் மருத்துவர் முடிவிலோ நோய் உறுதியாகியிருக்க வேண்டும், அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. எந்தச் சொல் வரக் கூடாது என்று மறைத்தார்களோ அதே சொல்லைத் தேடி, அவர் மனைவி பழைய மாத்திரை அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். என்னிடமும் காட்டினார். மாத்திரை அட்டை எதற்குச் சாட்சி சொல்லும்?

மலையிலும் இதே கதைதான். ஏற்காட்டில் இருக்கும் என் தங்கையின் கணவர் சுற்றுலாப் பயணிகளுக்குக் கார் ஓட்டுகிறவர். கோடை விழா நடக்காத 2020, 2021 ஆகிய இரண்டு மே மாதங்களும் அவருக்கு வருமானம் இல்லை; மாநிலத்தின் மற்ற இடங்களுக்கு இ-பாஸ் ரத்தான பிறகும் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்றே இருந்தது. அதை அவர் பெரிதாகச் சொல்வதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த தன் அண்ணன் மகன் ஊருக்குத் திரும்பியபோது, ஊர் எல்லையில் மூங்கில் கட்டி அவனை ஓர் இரவு வெளியே நிறுத்தியவர்களில் தானும் ஒருவன் என்பதைத்தான், நாலு வாய் சோறு உள்ளே போனதும் சொல்லத் தொடங்குவார்.

இவற்றையெல்லாம் எழுதும் நோக்கம் அதிகாரிகளைக் குற்றம் சாட்டுவதல்ல. பாதுகாப்பு உடைக்குள் வேர்த்துக்கொண்டு வீடு வீடாக வந்த செவிலியர்களையும், யாரும் தொடாத குப்பையை அள்ளிய தூய்மைப் பணியாளர்களையும் அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் இன்னொரு முறை இப்படி ஒரு நோய் வருமானால், செய்தியைக் கதவில் ஒட்டாமல் கைபேசியில் சொல்லுங்கள், பொருளை வரிசையில் நிறுத்தித் தராமல் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்க எங்கள் பகுதி மக்களுக்கு நியாயம் இருக்கிறது. அப்படிச் செய்தால் நோயை மறைப்பவர்கள் குறைவார்கள் என்பதைக் கடையில் நின்ற அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

தங்கள் இதழ் இந்தப் பகுதியைத் தொடர்வதாக இருந்தால், கடிதம் எழுதத் தெரிந்தவர்களோடு நிறுத்திவிடாமல் ஒரு நிருபரை எங்கள் பக்கம் அனுப்ப வேண்டுகிறேன். பேசுவார்கள், பெயர் போட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலை 11 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பற்றவைப்பு நடக்கும், யாரும் தலை நிமிர மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
சேலம்.