பாபாவின் இருட்டு கறுப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ருமேனிய ஓவியர் கொர்நெலியு பாபா (1906–1997) பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுத ஆள் கிடைத்ததே மகிழ்ச்சி. ஆனால் உடன் வந்த சுய உருவப்படம் அச்சில் செத்துவிட்டது. நெற்றியும் மூக்கும் மட்டும் வெளுப்பாக மிதக்கின்றன. தோள், கோட்டு, பின்புலம் எல்லாம் ஒரே மை அப்பல்.

பழைய ஐரோப்பிய ஓவியர்களான ரெம்பிராண்டையும் கோயாவையும் ஊன்றிப் பார்த்த கை பாபாவுடையது. அவருடைய இருட்டில் கறுப்பைவிடப் பழுப்பே அதிகம். கண்குழியிலிருந்து கன்னம்வரை படிப்படியாக ஏறும் அந்தப் பழுப்பில்தான் முகமே நிற்கிறது. 1948-இல் 'சதுரங்க ஆட்டக்காரர்' ஓவியத்தைக் காட்சிக்கு வைத்த காலத்தில் அவரை உருவவாதி, அதாவது கருத்தைவிட வடிவத்துக்கே முதலிடம் தருபவர், என்று கம்யூனிச அதிகாரத்தரப்பு சாடியது. அடுத்த ஆண்டே ருமேனியாவின் யாஷ் நகரில் பார்த்த ஆசிரியர் பணியும் போனது. அப்படியும் அவர் விடாத இருட்டு இது.

உங்கள் தாள் நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதம். அதில் நான்கு மையும் சேர்ந்து 240 சதவீதத்தைத் தாண்டினால் மை காயாது, பின்பக்கம் ஊறும். அதற்குப் பயந்து கறுப்பை மட்டும் 100 வைத்தால் இருட்டு உயிரற்ற சாம்பலாகிவிடும். சயான் (வெளிர்நீலம்) 50, மெஜன்டா (கருஞ்சிவப்பு) 60, மஞ்சள் 60, கறுப்பு 70 என்று வைத்துப் பாருங்கள். கூட்டினால் அதே 240, ஆனால் பழுப்பின் சூடு தங்கும். இந்தத் தாளில் மைப்புள்ளிகள் விரிவதால் நடுத்தொனிகள் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைப்பட்டவை) தாமாகவே கருக்கும். ஆகவே திரையில் சற்று வெளிறித் தெரியும் அளவுக்கு அவற்றை முன்கூட்டியே வெளுக்க வைத்துவிட வேண்டும்.

மூலப் புகைப்படத்திலும் கவனம் வேண்டும். வார்னிஷ் பூசிய இருண்ட எண்ணெய் ஓவியம் விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். அந்தச் சாம்பல் மூட்டத்தை மறைக்கத்தான் பலர் படத்தை மேலும் கருக்குகிறார்கள். இரண்டு விளக்குகளை 45 டிகிரியில் வைத்து, விளக்குகளுக்குப் போலரைசிங் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) லென்ஸுக்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசரும் போட்டு எடுத்த படமாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, மன்னிக்க முடியாதது. முகம் பக்கத்தின் உள்பக்கம் பார்க்கட்டும் என்று லேஅவுட்டில் படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். கையொப்பத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சுய உருவப்படம் பொதுவாகக் கண்ணாடியைப் பார்த்து வரைவது. வலக்கைக்காரர் இடக்கையில் தூரிகை பிடித்தவராகத் தெரிவதும் அதனால்தான். அதைத் திருப்பினால், ஓவியர் கண்ணாடியில் கண்ட முகமே மாறிவிடுகிறது.

படக்குறிப்பில் ஆண்டும் இல்லை. பாபா வாழ்நாள் முழுவதும் தன்னை வரைந்துகொண்டே இருந்தவர். 'அவுட்டோபோர்ட்ரெட்' (சுய உருவப்படம்) என்று மட்டும் போட்டால் எது எந்தப் படம் என்று எப்படிப் பிரிப்பது? ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, வேறா என்பது), உயரம் முதலில் வரும்படி அளவு, இருக்கும் அருங்காட்சியகம் ஆகிய நான்கும் வேண்டும்.

அட்டையின் உள்பக்கம் ஆர்ட் பேப்பர்தானே. அடுத்த இதழில் அந்தப் படத்தை அங்கே, திருப்பாமல், வெட்டாமல் மறுபடி போடுங்கள்.

அன்புடன்,
அச்சு முன்தயாரிப்புத் துறையிலிருந்து ஒரு வாசகர்