கையறுநிலைப் பாடல்களுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களை, அதாவது இறந்தவரை எண்ணி இருப்பவர் புலம்பும் பாடல்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு முடிந்து, வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக நடந்துவிட்டது. ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில் பெயர்களை அடுக்க மட்டுமே முடிந்தது. யார் எதைத் தந்தார்கள் என்று சொல்ல அங்கே இடமில்லை. சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் என் நெறியாளர் அம்மாவுக்கு. 'கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலை' என்று தொல்காப்பியம் இந்தத் துறையைச் சொல்கிறது. அழுகை பிறக்கும் இடங்களையும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுக்கிறது. "இலக்கணத்தை அப்புறம் பார்க்கலாம். அழுகிறவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார், அதை முதலில் பாரும்மா" என்றீர்கள். என் ஆய்வு முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

குடவாயிற் கீரத்தனாரின் 242ஆம் பாடலை அப்படித்தான் வாசித்தேன். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துவிட்டான். பாட்டு ஆறே அடி. இளைஞர் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் கொய்யவில்லை, பாணன் யாழின் தண்டால் மெல்ல வளைத்துப் பறித்துச் சூடவில்லை, பாடினியும் அணியவில்லை. எதை என்று அதுவரை புலவர் சொல்லவே இல்லை. சாத்தன் மாய்ந்த செய்தியே ஐந்தாம் அடியில்தான் வருகிறது. அதற்குப் பிறகுதான், 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே' என்று அந்தப் பூவைப் பார்த்தே கேட்கிறார். பாட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. பறிக்க ஆளில்லாமல் பூத்து நிற்கும் ஒரு கொடியை வைத்தே ஊர் முழுவதும் துக்கத்தில் இருப்பதைக் காட்டிவிடுகிறார்.

அடுத்து எங்கள் ஊர் நூலகர் அண்ணாச்சிக்கு. உ.வே.சாமிநாதையர் 1894இல் முதன்முதலாக அச்சேற்றிய புறநானூற்றின் பிந்தைய பதிப்பொன்றைப் பழைய உரையோடு தேடி எடுத்துத் தந்தீர்கள். அந்த உரை 266 பாடல்களுக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. நான் அதிகம் சார்ந்திருந்த பாடல்கள் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டன. ஔவை துரைசாமிப் பிள்ளையின் விரிவான உரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க, மூடும் நேரம் தாண்டியும் இடம் கொடுத்தீர்கள். அந்த மாலை நேரங்கள் இல்லாவிட்டால் இந்த வேலை முடிந்திருக்காது.

ஆதிச்சநல்லூர்ப் பக்கம் மண்பானை வனையும் வேளார் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! 'கலம்செய் கோவே' என்று குயவரை அழைத்துத் தொடங்கும் 256ஆம் பாடலோடுதான் உங்களிடம் வந்தேன். அதில் ஒரு பெண், வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிய சிறு வெண்பல்லி போலத் தன்னவனோடு பல சுரம் கடந்து வந்தவள். அவனைப் புதைக்கப்போகும் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். பாட்டைக் கேட்டதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பானையை எடுத்துக் காட்டினீர்கள். வாயும் கழுத்தும் சக்கரத்தில் வரும். கொஞ்சம் காய்ந்த பிறகு உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் வயிற்றை விரிக்க வேண்டும். "அகலமா வேணும்னா நெதானம் வேணும்மா. அவசரப்பட்டா கீறல் விட்டுரும்" என்றீர்கள். அவள் தாழியின் அளவைப் பேசுகிறாள், கைவேலைக்காரரிடம் ஒரு வேலை சொல்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுவதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்று அவளுக்கு இருக்கிறது. அந்த இயல் முழுவதும் உங்கள் திண்ணையில் பிறந்தது, ஐயா.

ஒப்பாரி பாடிக் காட்டிய ஆச்சிக்கு. யாராவது இறந்த வீட்டில்தான் பாடுவேன், சும்மா பாடமாட்டேன் என்றீர்கள். அதுவும் சரிதான். ஆனாலும் என்னை உட்காரவைத்துச் சொல்லித் தந்தீர்கள். "செத்தவுகள மட்டும் பாடப்பிடாதும்மா. அவுக இருக்கையில வீடு எப்படி இருந்துச்சு, இப்ப எப்படிக் கெடக்குன்னு பாடணும். அப்பதான் கேக்கவங்களுக்கு நெஞ்சு கரையும்." பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டும் அதையேதான் செய்கிறது. அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள். இரண்டிலும் அதே வெண்ணிலவு. அன்று தந்தையும் இருந்தார், குன்றும் பிறர் கைக்குப் போகவில்லை. இன்று குன்றும் போனது, தந்தையும் இல்லை. ஐந்தே அடியில் தந்தையைப் புகழ்ந்து ஒரு சொல்கூடக் கிடையாது. பாரியின் கொடையைப் பாடக் கபிலர் இருந்தார். மகள்களுக்கோ அப்பா இருந்தார், இப்போது இல்லை, அவ்வளவுதான்.

என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தபோது பாடிய 245ஆம் பாடலை வகுப்பில் வாசித்தேன். "அவரு யாரு மேல கோவப்படுறாரு டீச்சர்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அருமையான கேள்வி. அரசனின் கோபம் அவனுடைய துயரத்தின் மேல்தான். எவ்வளவு பெரிய நோய் என்று சொன்னால் என்ன, என் உயிரைக் கொல்ல அதற்கு வலு இல்லையே என்கிறான். கள்ளி முளைத்த களரில், வெட்டவெளியில், விறகின் தீயே படுக்கையாக அவள் போய்விட்டாள். 'இன்னும் வாழ்வல்' என்று தன்னையே நோகிறான். துயரத்தைச் சொல்ல வந்த கவிதை அந்தத் துயரமே போதாது என்று குறைப்படுவதை வேறெங்கும் நான் இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை ஆய்வேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன், கண்ணுகளா.

பாடவேளைகளை மாற்றிக் கொடுத்த சக ஆசிரியர்களுக்கும், பழைய பாடல் வரிகளைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்த தம்பிக்கும், வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்ட அத்தைக்கும், மேற்கோள்களைச் சரிபார்த்துத் தந்த என் கணவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆய்வேட்டின் ஒரு படியை நூலகத்தில் கொடுத்துவிட்டேன், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஆச்சி, வேளார் ஐயா, உங்கள் சொற்கள் வரும் பக்கங்களைப் பொங்கல் விடுமுறையில் நேரில் வந்து வாசித்துக் காட்டுகிறேன். விட்டுப்போனது ஏதும் இருந்தால் அப்போது சொல்லுங்கள், அடுத்துப் புத்தகமாக்கும்போது சேர்த்துவிடலாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் தமிழாசிரியை