எல்டிஎல் 'நார்மல்' என்றால் போதுமா?

ஆசிரியருக்கு,

சர்க்கரை நோயாளிகளின் இதய ஆபத்து பற்றிய தங்கள் செய்தி கண்டேன். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பின் அளவை மட்டும் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. சர்க்கரை கூடும்போது எல்டிஎல் துகள்கள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து ரத்தக்குழாய்ச் சுவரில் படிகின்றன. வழக்கமான லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை இந்த மாற்றத்தைக் காட்டாது. ஆனால் அதிலுள்ள எண்களைக் கொண்டே ஆபத்தை ஓரளவு கணிக்கலாம்.

என் அண்ணனுக்குப் 15 வருடமாகச் சர்க்கரை. எல்டிஎல் 96 என்றதும் நிம்மதியாக இருந்தோம். மூன்றே மாதத்தில் மாரடைப்பு. அப்புறம்தான் அதே பரிசோதனைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 186, நல்ல கொழுப்பு வெறும் 34. மொத்தத்தில் நல்லதைக் கழித்தால், மற்ற கெட்ட கொழுப்புகள் எல்லாம் சேர்த்து 152. அது 130-க்குள்ளாவது இருந்திருக்க வேண்டும். மும்பைப் பரிசோதனைக் கூடங்கள் இந்தக் கழித்தல் கணக்கையும் சர்க்கரை நோயாளிகளுக்கான வரம்பையும் தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தரட்டும்.

— ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை