அந்த டப்பாவை வாங்கிக்கொள், பாப்பா

பெஸ்தாரி ஜெயா
4 மே 2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பா,

பசியாறினாயா? புதன்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பா இரண்டு தடவை எழுந்து வந்து விளக்கை அணைக்கச் சொன்னார். நீ சொன்னதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சபாவில், உன் ரானாவ் பள்ளியில், பக்கத்து மேசை டீச்சர், அந்த ஊர் டுசுன் இனத்தவர், தினமும் உனக்கும் சேர்த்து டப்பாவில் சாப்பாடு கொண்டுவருகிறார் என்றாய். நான்காம் படிவப் பையன்கள் கூச்சல் போட்ட அன்று அவர் சும்மா வந்து கதவோரம் நின்றுவிட்டுப் போனார் என்றாய். அப்புறம் குரல் இறங்கி, "இதெல்லாம் கடனா சேருதும்மா. எப்படித் திருப்பித் தரப்போறேன்னு பயமா இருக்கு. இனிமே வேண்டாம்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன்" என்றாய். நான் "சரி, பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது ஒரு பதிலா? புலனத்தில் (வாட்ஸ்அப்) தட்டினால் நாலு வரியில் முடித்துவிடுவேன். அதனால்தான் தாளை எடுத்தேன்.

வேண்டாம் என்று சொல்லாதே. வாங்கிக்கொள்.

உன் தாத்தா ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பல துரைமார்கள் ஒரு கொட்டகையைப் போட்டு, ஒரு வாத்தியாரை வைத்து, சட்டம் நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள். தாத்தாவின் வாத்தியார் விடிகாலையில் பெரட்டில், வேலையாட்கள் வரிசையில் நிற்கும் இடத்தில், பேர் எழுதிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாராம். நான்கு வகுப்பும் ஒரே கொட்டகையில். அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைகள் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய் பால் வடியும் மங்கைத் துடைப்பார்கள். எனக்கு வேலை கிடைத்த கடிதத்தைக் காட்டியபோது, சம்பளம் எவ்வளவு என்று தாத்தா கேட்கவில்லை. "உன்கூட எத்தனை பேரு?" என்றார். எட்டுப் பேர் என்றேன். "அப்போ பொழைச்சுக்குவே" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. 1993 ஜனவரியில் சுங்கை பட்டாணி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேரே இங்கே, இந்தத் தமிழ்ப்பள்ளிக்கு வந்தேன். அப்போது இந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பெயர் மாறிப் பதினெட்டு வருடம் ஆகியும் எங்கள் வாய்க்கு இன்னும் அதுதான் வருகிறது. வந்தபோது 96 பிள்ளைகள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின, குடும்பங்கள் ரவாங் பக்கமும் சுங்கை பூலோ பக்கமும் போய்விட்டன. இன்று 41 பிள்ளைகள். 150-க்குக் கீழே போனாலே குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். ஆனால் கோப்புகள் குறையவில்லை, பாப்பா. ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு என்னென்ன உண்டோ, அத்தனையும் எட்டுப் பேர் தலையில். பாடநூல் இரவல் திட்டம், காலைச் சத்துணவு, நூல்நிலையம், விளையாட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கம். ஒருவர் முகம் சுளித்தால் மற்ற ஏழு பேரும் அன்று மூச்சுவிட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் நான் 32 வருடம் இருந்திருக்கிறேன்.

நீ கூப்பிட்ட மறுநாள் அலமாரியைத் திறந்து ஒரு பழைய மைலோ டின்னை எடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன் கிறுக்கலும் அதில் இருக்கிறது.

2003-ல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தது. முதலாம் ஆண்டிலிருந்து ஆரம்பம். அந்த வருடம் முதலாம் ஆண்டுக் கணிதம் என் கையில். பள்ளிக்கு மடிக்கணினி வந்தது, புரொஜெக்டர் வந்தது, ஆங்கிலம் மட்டும் எனக்கு வரவில்லை. நான் தமிழில் கணக்குப் படித்து, தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். டிசம்பர் விடுமுறை முழுக்க வயிற்றைக் கலக்கியது. யாரிடமும் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த பெரியம்மா டீச்சர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

அவர் டவுன் கான்வென்டில் படித்தவர், உனக்குத் தெரியும். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் என்னை வரச்சொல்லி, மணிலா அட்டையைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி வைத்திருந்தார். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல். மறுபக்கம் அதை எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில். 'கிரேட்டர் தேன்', 'லெஸ் தேன்', 'ஈக்குவல் டு'. மொத்தம் 64 அட்டை. 13-க்கும் 30-க்கும் தனியாக ஒரு குறிப்பு: "தர்ட்டீன் - கடைசியை இழு. தர்ட்டி - சட்டென்று விடு." உனக்கு நாலு வயது. மேசைக்குக் கீழே உட்கார்ந்து ஊதா நிற கிரையானால் அந்த 'தர்ட்டி' அட்டையில் ஒரு பெரிய சுழி போட்டுவைத்தாய். அவர் திட்டவில்லை. "இருக்கட்டும், இதைப் பார்த்தா அம்மாவுக்குப் பயம் வராது" என்றார்.

பள்ளி திறந்த முதல் வாரம், தனக்கு வகுப்பில்லாத நேரத்தில் திருத்த வேண்டிய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு என் வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "என் வகுப்புல காத்தாடி ஓடலை டீச்சர், கொஞ்ச நேரம் இங்க உட்கார்ந்துக்கிறேன்" என்றார். அந்தக் காற்றாடி நன்றாக ஓடியது. நான் தப்பாகச் சொன்ன எதையும் பிள்ளைகள் முன்னால் அவர் திருத்தியதில்லை. தலையைக்கூட நிமிர்த்தமாட்டார். ஓய்வு வேளையில் தேநீரோடு ஒரு புது அட்டை என் மேசைக்கு வரும். ஏப்ரலில் ஒருநாள், "காத்தாடி சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். 2009-ல் கொள்கையை மாற்றுவதாக அரசாங்கம் அறிவித்து, படிப்படியாகக் கணிதம் திரும்பத் தமிழுக்கு வந்தது. அட்டைகளை எறிய எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு நினைவிருக்கும் வருடம் 2008. அப்பா ஆலையில் தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்து 19 நாள் படுக்கையில் கிடந்தார். நீ மூன்றாம் ஆண்டு. பள்ளி அலுவலகக் கிராணி, நாம் 'காக்' (அக்கா) என்று கூப்பிடும் மலாய்க்காரம்மா, உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நாம் சைவம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, புதுச் சட்டி வாங்கி அதில் உனக்குக் கீரை வதக்கிக் கொடுத்தாராம். நீதான் வந்து சொன்னாய். அந்தச் சட்டியைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் பள்ளிக்குத் திரும்பிப்போன அன்று, வராதவர் வகுப்பை யார் பார்த்தார்கள் என்று எழுதும் ரிலீஃப் புத்தகத்தைப் புரட்டினேன். என் பெயருக்கு எதிரே 27 இடத்தில் சக ஆசிரியர் மீசை சார் கையெழுத்து, 22 இடத்தில் பெரியம்மா டீச்சர் கையெழுத்து. அவர்களுடைய ஓய்வுப் பாடவேளை ஒன்றுகூட மிச்சமில்லை. என் வகுப்புப் பயிற்சிப் புத்தகங்கள் முந்தின நாள் வரை திருத்திக் கிடந்தன. நான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ஒரு நட்சத்திரம் போடுவேன் அல்லவா, அதையும் போட்டிருந்தார்கள். மீசை சாருடைய நட்சத்திரத்துக்கு ஆறு முனை. டீச்சர் இல்லை என்று பிள்ளைகள் ஏங்கக் கூடாது என்று அந்த மனுஷர் 40 வயதுக்கு மேல் நட்சத்திரம் போடப் பழகியிருக்கிறார். நான் அந்தப் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் பின்னால் போய் அழுதேன்.

எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று நீ நினைக்க வேண்டாம். நான் செய்த பாடத்துணைப் பொருளைத் தன் பெயரில் கொடுத்தவரும் உண்டு. ஒரு காலத்தில் இருந்த மேலதிகாரி ஒருவர், இரவல் பாடநூலில் 14 குறைகிறது என்று கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னை நிற்கவைத்துப் பேசினார். மீசை சார் எழுந்து, "அந்தச் செயற்குழுவில நானும் இருக்கேன், என்னையும் சேர்த்துக் கேளுங்க" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து நின்றார். பேச்சு அத்தோடு நின்றது. சாயங்காலம் இரண்டு பேரும் தேடினோம். ஸ்டோரில் விளையாட்டு மெத்தைக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருந்தது. புத்தகம் கிடைத்தது பெரிதல்ல. அவர் நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

2021-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நம் தற்காலிக ஆசிரியர், உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், பயிற்சித் தாள்களை அச்செடுத்து மோட்டாரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். என் வகுப்புத் தாள்களையும் சேர்த்து. பாதி வீடுகளில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பெட்ரோல் காசு கொடுத்தால், "அம்மா மாதிரி இருந்துட்டு இப்படிச் செய்யாதீங்க டீச்சர்" என்பார்.

பாப்பா, இப்போது நான் சொல்ல வந்தது. இவர்களில் யாருக்கும் நான் எதையும் திருப்பித் தரவில்லை. தர முடியவும் இல்லை. மீசை சாருக்கு நான் எந்த நட்சத்திரம் போட? வாங்கிக்கொண்டேன், அதனால் நின்றேன், அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறொன்று. 2011-ல் பெரியம்மா டீச்சர் ஓய்வு பெற்றபோது பிரியாவிடையில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். "கடமை தவறாதவர், கனிவானவர்" என்று எல்லாருக்கும் சொல்வதையே சொல்லிவிட்டு இறங்கினேன். அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இருந்தது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சம். அவர் கீழே உட்கார்ந்து கைதட்டினார். மீசை சார் அந்தப் பெருந்தொற்றில் போய்விட்டார். கடைசியாக முகம் பார்க்கக்கூட விடவில்லை. ரிலீஃப் புத்தகத்தை எண்ணினேன் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

வருகிற 16-ம் தேதி ஆசிரியர் தினம். 1956-ல் அன்றைக்குத்தான் ரசாக் கல்வி அறிக்கையைச் சட்டமன்றம் ஏற்றது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இந்த வருடம் மூத்த ஆசிரியை என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரியம்மா டீச்சரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கத் தலைமையாசிரியரிடம் கேட்டேன், சரி என்றார். மைலோ டின்னை மேடைக்கு எடுத்துப் போகிறேன். 'தர்ட்டி' அட்டையை உன் கிறுக்கலோடு எல்லாருக்கும் காட்டுவேன். காற்றாடி ஓடியது எனக்கு அப்போதே தெரியும் என்றும் சொல்லப்போகிறேன். அவருக்கு இப்போது முழங்கால் வலி, அதனால் அப்பா காரில் போய்க் கூட்டிவருவார்.

நீ நாளைக்கு அந்த டீச்சர் டப்பாவைத் திறந்தால், என்ன கறி என்று கேள். எப்படிச் செய்வது என்று கேள். அவர் மொழியில் நன்றிக்கு என்ன சொல் என்று அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள். அன்று கதவோரம் வந்து நின்றீர்களே, அதனால்தான் அந்த வகுப்பை முடித்தேன் என்று அதையே எடுத்துச் சொல். பொதுவாக மலாயில் "தெரிமா காசே" (நன்றி) என்று சொல்லிவிட்டுப் போகாதே, நான் செய்தது போல ஆகிவிடும். நீ சொன்ன சாயோர் மானிஸ் கீரை நம் வீட்டுப் பின்பக்கமும் இருக்கிறது, நீ சின்ன வயதில் தொடமாட்டாய். ரானாவ் குளிரில் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை ஒரு பார்சல் அனுப்பினேன். கம்பளிச் சட்டை, இட்லிப் பொடி, இரண்டு டின் முறுக்கு. நீல மூடி உனக்கு. சிவப்பு மூடி அந்த டீச்சருக்கு, அதில் காரம் குறைத்துப் போட்டிருக்கிறேன். கடனைத் தீர்க்க என்று நினைத்துக் கொடுக்காதே. எங்கம்மா சுட்டது என்று சொல்லிக் கொடு. பார்சல் வந்ததும் போன் செய்.

அன்புடன்,
அம்மா