கால் கருவி குறித்து நண்பருக்கு

தக்கலை

அன்பு நண்பருக்கு,

நலம், நீங்களும் மதினியும் நலந்தானே? இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. மகன் துபாயிலிருந்து அனுப்பிய, பாதங்களை ஊன்றி வைக்கும் மின்கருவியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கரண்ட் கொடுத்துத் தசையைச் சுருங்க வைக்கும் அக்கருவியின் அடிப்படை பொய்யல்ல. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களான சிரைகளை அழுத்தி, தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளின் வால்வுகள் அது மீண்டும் கீழிறங்காமல் தடுக்கின்றன. என் அக்காவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்ட் பட்டை ஒட்டிக் கரண்ட் வைத்தபோது அருகிலிருந்தேன். அக்கா அசையாமல் படுத்திருக்க, வலையில் விழுந்த மீனைப் போலத் தசை தானாகத் துள்ளியது. எழுந்து நடமாட இயலாதவருக்கு இது பெரிய துணை. அசைவின்றிக் கிடக்கும் நோயாளிகளுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்க, வேறு முறைகள் பொருந்தாதபோது, முழங்காலருகே ஒட்டும் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தலாம் என 2014-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸும் பரிந்துரைத்தது.

ஆனால் உங்கள் கதை வேறு என்றே அஞ்சுகிறேன். மாலையில் கணுக்கால் வீங்கி, பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, காலை உயர்த்தி வைத்தால் வடியுமானால், பெரும்பாலும் அது சிரைக் கோளாறு. நீங்களோ சந்தையிலிருந்து வீடு சேருவதற்குள் கெண்டைக்கால் இறுகிப் பிடிப்பதாகவும், சற்று நின்றால் விட்டுவிடுவதாகவும், பாதம் எப்போதும் சில்லென்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பல காலம் பீடி குடித்த, சர்க்கரை நோயும் உள்ள ஒருவருக்கு இவை காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். தமனியில் படிந்த கொழுப்பை எந்தக் கரண்டும் கரைக்காது.

கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் எளிய சோதனை ஒன்று உண்டு, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி சுருங்கியிருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் கெட்டிப்பட்டு அளவு கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், தேவைப்பட்டால் கால் விரலிலும் அழுத்தம் பார்ப்பார்கள். அடைப்பு உறுதியானால், மருந்துகளோடு, வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியே முதன்மையானது. வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம். பீடியை நீங்கள் அடியோடு விட்டாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாதம் மரத்திருந்தால் கரண்ட் அளவு மீறுவதே தெரியாமல் தோல் புண்ணாகிவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலிப்பவர்களும் இதைத் தொடவே கூடாது. ஆகவே மருத்துவர் பார்க்கும்வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை குலசேகரத்திலிருந்து பஸ் ஏறுங்கள். நான் தக்கலையில் சேர்ந்துகொள்கிறேன், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஒன்றாகவே போவோம். சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டுகளையும் சாப்பிடும் மாத்திரைகளையும் மறவாமல் எடுத்து வரவும்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்