தாலி கட்டியபின் கோவில் செய்ய வேண்டிய வேலை: கலிஃபோர்னியாக் கோவில்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாக் கோவில்களில் திருமணம் நடத்தி வைக்கும் குருக்கள்மார், பட்டாச்சாரியார்கள், தமிழ் முறையில் மணம் செய்து வைக்கும் பெரியோர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புதுமணத் தம்பதியருக்குக் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆவணங்களில் உதவி வரும் தன்னார்வலர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மேரேஜ் லைசென்ஸை, அதாவது திருமணத்துக்குக் கவுன்டி தரும் அனுமதித் தாளை, சரிபார்ப்பது, நிரப்புவது, தபாலில் சேர்ப்பது ஆகிய மூன்றையும் மணமக்கள் வீட்டார் தலையில் விடாமல் கோவிலே ஏற்றுக்கொள்ள வேண்டும். சட்டமும் அந்தப் பொறுப்பை மணம் நடத்தி வைப்பவரிடமே தந்திருக்கிறது. சடங்குக்கு முன் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவர் அவர். சடங்கு முடிந்து 10 நாளுக்குள் அதைக் கவுன்டிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவரும் அவரே.

லைசென்ஸ் வாங்குவது எளிது. 18 வயது நிரம்பிய இருவரும் புகைப்பட அடையாள அட்டையோடு ஏதாவது ஒரு கவுன்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போனால் போதும். குடியுரிமை கேட்பதில்லை, அந்த ஊரில் வசிக்க வேண்டியதில்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, காத்திருப்பு நாளும் இல்லை. ஆனால் கையில் கிடைத்த லைசென்ஸ் 90 நாள்தான் செல்லும். ஆடியில் முகூர்த்தம் இல்லையென்று ஆவணிக்கு நாள் குறித்துவிட்டு, ஜூன் தொடக்கத்திலேயே லைசென்ஸ் எடுத்து வைப்பவர்கள் உண்டு. ஆகஸ்ட் இறுதியோடு அது காலாவதியாகிவிடும். செப்டம்பரில் வரும் ஆவணி முகூர்த்தத்துக்கு உதவாது. இன்னொன்று, அது கலிஃபோர்னியாவுக்குள் நடக்கும் திருமணத்துக்கு மட்டுமே செல்லும். இங்கே லைசென்ஸ் எடுத்துக்கொண்டு மதுரையில் தாலி கட்டினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அந்தத் திருமணத்தை அங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். அங்கே நடந்ததை இங்குள்ள கவுன்டி பதிந்து தராது.

ஆகவே மண்டபம் பதிவு செய்ய வரும் அன்றைக்கே லைசென்ஸ் பற்றிச் சொல்லிவிடுங்கள். பெயர் விஷயத்தையும் அன்றே சொல்லுங்கள், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது அதில்தான். 2009 முதல், திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்ள விரும்புவோர் லைசென்ஸ் வாங்கும்போதே புதுப் பெயரை அதில் எழுதிவிட வேண்டும். அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டால் பிறகு திருத்தம் போட்டுச் சேர்க்க முடியாது. நீதிமன்றத்தில் பெயர் மாற்ற மனு போடுவதுதான் வழி. அதோடு, எந்தப் பெயரை எடுக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. துணைவரின் இப்போதைய சர்நேம், இருவரில் ஒருவரின் பிறப்புச் சர்நேம், அல்லது இவற்றின் சேர்க்கை, இவ்வளவுதான். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் பெயர் செந்தில், சர்நேம் ராமசாமி என்று இருந்தால் மணப்பெண் ராமசாமி என்ற பெயரை எடுக்கலாம்; செந்தில் என்பதை எடுக்க முடியாது. கணவர் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொள்ள நினைத்தவருக்கு மாமனார் பெயர் வந்து சேரும். இதைக் கவுன்டரில் நின்று கேட்டுக் குழம்புவதைவிட வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போவது நல்லது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்து, விசாவில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்தவர்கள், எந்த அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது என்று முன்னமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பத்தில் பெற்றோரின் முழுப் பெயரும் பிறந்த நாடும் கேட்பார்கள். இனிஷியல் போட்டு எழுதாமல், இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். முன்பு மணமாகி விலகியவர் என்றால் விவாகரத்து இறுதியான தேதி சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

லைசென்ஸில் இரண்டு வகை உண்டு. பொது லைசென்ஸுக்குக் குறைந்தது ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். இருவருக்கு இடம் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த சித்தப்பாவோ அத்தையோ தாராளமாகப் போடலாம். பெயரையும் முகவரியையும் மட்டும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மற்றது ரகசிய லைசென்ஸ். அதில் சாட்சியே கிடையாது. சாட்சி இல்லையே என்று ஓரத்தில் யாரையாவது கையெழுத்துப் போடச் சொன்னால் தாள் கெட்டது. அந்த வகை ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவர்களுக்கானது. அதன் நகலைத் தம்பதியர் மட்டுமே வாங்க முடியும். பெற்றோர் போய்க் கேட்டாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கிடைக்காது. வரிசை குறைவென்று எண்ணி இதை எடுப்பவர்கள் பொருள் தெரிந்து எடுக்கட்டும்.

இனி முகூர்த்த நாள். மணமேடையில் லைசென்ஸை வைக்காதீர்கள். சந்தனமும் குங்குமமும் பட்ட விரலோடு தாளைத் தொட்டால் எழுத்து மறையும். கவுன்டி அதை ஸ்கேன் செய்துதான் பதிவில் ஏற்றுகிறது. அலுவலக அறையில், கை கழுவித் துடைத்தபின், கறுப்பு மைப் பேனாவால் நிரப்புங்கள். வெள்ளை மை பூசுவதும் அடித்து எழுதுவதும் கூடவே கூடாது. கையெழுத்து கட்டத்தைத் தாண்ட வேண்டாம்.

அதிகம் தவறு வருவது தேதியில். நம் பழக்கத்தில் நாள் முதலில், மாதம் பிறகு. இங்கே மாதம் முதலில். நவம்பர் 5 அன்று நடந்த கல்யாணத்தை 05/11 என்று எழுதினால் அது மே 11 ஆகிவிடும். லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்பே திருமணம் நடந்ததாகத் தாள் சொல்லும், கவுன்டியும் திருப்பி அனுப்பும். அடுத்த தவறு இடத்தில். லிவர்மோர் சிவா விஷ்ணு கோவில் இருப்பது அலமீடா கவுன்டியில். சாண்டா கிளாரா கவுன்டியில் உள்ள சான் ஹோசேயில் லைசென்ஸ் வாங்கிய ஜோடி அங்கே மணம் முடித்தால், திருமணம் நடந்த கவுன்டி என்ற கட்டத்தில் அலமீடா என்று எழுத வேண்டும். ஆனால் தபால் போக வேண்டியது லைசென்ஸ் கொடுத்த சாண்டா கிளாரா கவுன்டிக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் அலைச்சல்தான்.

இரண்டு குருக்கள் சேர்ந்து நடத்தினாலும் ஒருவர்தான் கையெழுத்திட வேண்டும். அவரே நேரில் நின்று நடத்தியவராக இருக்க வேண்டும்; அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று செயலாளர் போடக் கூடாது. மாநிலத்தில் முன்பதிவு எதுவும் தேவையில்லை. சட்டப் பெயர், பதவி, சமயம், தபால் முகவரி ஆகியவற்றை எழுதினால் போதும். சடங்கு எந்த முறையில் நடந்தாலும் சட்டத்துக்குச் சம்மதம். ஒன்று மட்டும் வேண்டும்: உங்கள் முன்னிலையிலும் சாட்சியின் முன்னிலையிலும் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். மந்திரங்களுக்கு நடுவே இருவரையும் தனித்தனியே, அவர்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு, வாய்விட்டுச் சம்மதம் சொல்ல வைத்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

பிறகு ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, அசலைக் கண்காணிப்பு எண்ணுள்ள தபாலில் அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுங்கள். பொது லைசென்ஸ் கவுன்டியின் பதிவாளரான ரெக்கார்டருக்கு, ரகசிய லைசென்ஸ் கவுன்டி கிளார்க்குக்கு. தேனிலவுக்குக் கிளம்பும் பிள்ளைகள் கையில் கவரைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கோவில் முத்திரையோடு நீங்கள் தரும் சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்ட அழகானது. அமெரிக்கக் குடிவரவுத் துறையோ இந்தியத் தூதரகமோ அதை ஏற்காது என்று அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பொது லைசென்ஸில் பதிவு முடிந்ததும் சான்று நகல் தானாக வீட்டுக்கு வராது. கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். தகவலுக்கு மட்டும் என்று அச்சிட்ட நகல் அடையாளம் நிரூபிக்க உதவாது, அதிகாரபூர்வச் சான்று நகலே வேண்டும். தபாலில் கேட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கூடவே போக வேண்டும். இரண்டு மூன்று நகல் வாங்கி வைப்பது நல்லது. எச்-4 என்னும் துணைவர் விசா, கிரீன் கார்டு, பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும். வேலை வழிக் காப்பீட்டில் துணைவரைச் சேர்க்கப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம். தபால் ஒரு வாரம் தாமதித்தால் அடி அங்கே விழுகிறது. இந்தியாவில் காட்ட வேண்டிய நகலுக்கு கலிஃபோர்னியா மாநிலச் செயலரிடம் அபோஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று) பெற வேண்டும். திருமண அடிப்படையில் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை) கேட்பவருக்கு, மணம் பதிவாகி 2 ஆண்டு தொடர்ந்திருக்க வேண்டும் என்பது விதி.

பதிவான பின் எழுத்துப்பிழை தெரிந்தால் விஎஸ் 24சி என்ற படிவத்தில் திருத்தலாம். பழைய தாள் அழியாது. திருத்தம் அதோடு இணைப்பாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் நகல் வாங்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே வரும்.

உங்களில் யாராவது அனுப்ப மறந்திருந்தால் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நடத்தி வைத்தவர் செய்த தவறால் திருமணம் செல்லாமல் போவதில்லை. தாள் தொலைந்திருந்தால், நடத்தி வைத்தவரே லைசென்ஸ் கொடுத்த கவுன்டியில் பிரமாணப் பத்திரம் கொடுத்து மாற்றுத் தாள் பெறலாம். ஆனால் மாற்றுத் தாள் வாங்குவது, நிரப்புவது, பதிவுக்குச் சேர்ப்பது எல்லாம் திருமண நாளிலிருந்து ஓராண்டுக்குள் முடிய வேண்டும். எனவே கடந்த 12 மாத முகூர்த்தப் பதிவேட்டை இந்த வாரமே எடுத்து, ஒவ்வொரு தம்பதியரையும் தொலைபேசியில் அழைத்து, கவுன்டி நகல் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்பவர்களில் திருமண நாள் மிகப் பழையதாக இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
திருமணப் பதிவுக்கு உதவும் தன்னார்வலர்கள்